யார் கேட்ட புன்னகை?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பெட்டி ஸாரைப் பாராட்டிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அவருடைய ‘ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை’ செய்வதுபோலச் சமையற்காரப் பொம்மையின் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது கோபமேயன்றிக் கலையாகுமா? எத்தனை துன்பத்தையும் புன்னகையோடு தாங்கிய கறுப்பினப் பணிப்பெண்களின் பொறுமையைப் போற்றுவதல்லவா உயர்ந்த கலை?

பதில்: நீங்கள் போற்றச் சொல்லும் புன்னகை, விற்பனைக்காகத் தயாரிக்கப்பட்ட புன்னகை. 1889இல் அமெரிக்காவில் அப்பமாவு விற்கத் தொடங்கியவர்கள், கறுப்பரைக் கேலிப்பொருளாக்கிய மேடைக் கூத்துகளில் வழங்கிய ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற பெயரைத் தங்கள் சரக்குக்குச் சூட்டினார்கள். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் என்ற பெண்ணை அந்த வேடத்தில் நிறுத்தி, வந்தவர்களுக்கெல்லாம் அப்பம் சுட்டுக் கொடுக்கவும் பழைய பண்ணை வாழ்க்கையை இனிய கதையாகச் சொல்லவும் வைத்தார்கள். அவர் 1923இல் கார் மோதி இறந்தார். தலைமுறை தலைமுறையாக அந்த வேடத்தின் முகம் கடைகளில் அடுக்கப்பட்டிருந்தது. நான்சி கிரீனின் கல்லறைக்கோ 2020 வரை ஒரு பெயர்க்கல் கூட இல்லை. அந்த முகத்தைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். ஆகவே, அந்தப் பொறுமை போதிய அளவுக்குப் போற்றப்பட்டாகிவிட்டது, ஐயா. சுமையை ஏற்றியவர்களே சுமந்தவளின் தாங்கும் சக்தியைப் புகழ்ந்தால், இன்னும் கொஞ்சம் ஏற்றப்போகிறார்கள் என்பதே அதற்குப் பொருள்.

1926இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, மூன்று பெண்களை வளர்த்துக்கொண்டே கலைப்பணி செய்த பெட்டி ஸார், 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு, கறுப்பரை இழிவுபடுத்தும் பொம்மைகளையும் விளம்பர அட்டைகளையும் பழைய பொருட்சந்தைகளில் தேடிச் சேர்த்தார். அப்படிக் கிடைத்த ஒரு பொம்மையை வைத்து 1972இல் உருவாக்கியதுதான் நீங்கள் குறிப்பிடும் ‘ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை’. அது ஒரு முழம் உயரம் கூட இல்லாத சிறு மரக்கூடு. பின்சுவர் முழுவதும் அதே மாவுப் பொட்டலத்தின் முகம் வரிசை வரிசையாக ஒட்டப்பட்டிருக்க, தரையில் பஞ்சு பரப்பியிருக்கிறது. குறிப்புத்தாள் செருகுவதற்காகச் செய்யப்பட்ட அந்தப் பொம்மையின் வயிற்றுப் பகுதியில், அழும் குழந்தையைத் தூக்கிவைத்திருக்கும் பணிப்பெண்ணின் படம் இருக்கிறது; அதன் முன்னே ஒரு முஷ்டி உயர்ந்து நிற்கிறது. உங்கள் கண்ணில் துப்பாக்கி மட்டுமே பட்டிருக்கிறது. மறுகையில் துடைப்பம் இருக்கிறது. வேலையை அவர் மறைக்கவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. வேலை செய்தவளுக்கு அந்த வேலையைப் பற்றிச் சொந்தமாக ஓர் எண்ணம் உண்டு என்பதை மட்டும் சேர்த்துக் காட்டுகிறார். புன்னகையைக் கூட அவர் அழிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கோபம் கலையாகுமா என்று கேட்டதற்கு, அவர் 1998இல் செய்த இன்னொரு படைப்பையே விடையாகச் சொல்வேன். பழைய இஸ்திரிப் பலகை ஒன்று. அதன்மேல் ஓர் இஸ்திரிப் பெட்டி, பலகையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பலகையின் பரப்பில், அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட ‘புரூக்ஸ்’ என்ற அடிமைக் கப்பலின் வரைபடம் பதிந்திருக்கிறது. மனித உடல்களை இடைவெளியில்லாமல் அடுக்கிக் காட்டும் அந்தப் படமும், ஒரு முனை கூம்பிய இஸ்திரிப் பலகையும் ஒரே வடிவம் என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை. பின்னால் கொடியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, அழுக்கின் சுவடே இல்லாமல் தொங்குகிறது. அதில் தைக்கப்பட்டிருக்கும் மூன்று எழுத்துகள், கே.கே.கே. முகமூடி அணிந்து கறுப்பரைக் கொன்ற ‘கூ க்ளக்ஸ் க்ளான்’ கூட்டத்தின் துணியை வெளுத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தவளும் ஒரு கறுப்பினப் பெண்ணாக இருந்திருக்கலாம் என்பதை, ஒரு வாக்கியம் கூட எழுதாமல் அந்த விரிப்பு சொல்லிவிடுகிறது. இதில் உரத்த குரல் எங்கே இருக்கிறது? எல்லாமே அந்தப் பெண்கள் நாள்தோறும் கையில் எடுத்த சாமான்கள்.

அந்தப் படைப்புக்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் ‘வளைவேன், முறியமாட்டேன்’ எனலாம். நீங்கள் தேடிய பொறுமை அதன் முதற்சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவள் அந்தப் பெண். அவளை வளைத்தவர்களின் மூன்று எழுத்துகள் அவள் தேய்த்த துணியிலேயே இருக்கின்றன.