கேளுங்க, சொல்றேன்: ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா அக்கா?

கேள்வி: அக்கா, நான் ஈரோட்டுப் பொண்ணு, வயசு 16. எக்ஸ்சேஞ்ச் ஸ்காலர்ஷிப்ல ஆகஸ்ட்ல அமெரிக்கால விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்தேன், சின்ன ஊரு. நான் தங்கியிருக்கற ஹோஸ்ட் ஃபேமிலில அம்மா அப்பா, என் வயசுல ஒரு பொண்ணு, ரெண்டு நாய், எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஆறு மணிக்கே டின்னர் முடிஞ்சிடுது, பத்து மணிக்கு பசி உயிர் போகுது. இன்னும் வேணுமான்னு ஒரு தடவை கேப்பாங்க, வேண்டாம்னா அத்தோட விட்டுடுவாங்க. நானா ஃப்ரிட்ஜைத் திறக்க கூச்சமா இருக்கு. ரூமுக்குள்ளயே இருந்து எங்கம்மாகூட பேசிட்டே இருக்கேன். அவங்களுக்கு என்னைப் பிடிக்கலையோ?

பதில்: கண்ணு, முதல்ல போய் ஃப்ரிட்ஜைத் திற! நம்ம வீட்ல போதும் போதும்னு கையை வச்சு மறைச்சாலும் இன்னொரு தோசை தட்டுல விழும், மூணாவது தடவை கேக்கும்போதுதான் சரி பாதி போடுங்கம்போம். அங்க வேண்டாம்னா வேண்டாம்தான், மறுபடி கேட்டா உன்னை வற்புறுத்தற மாதிரி ஆயிடும்னு அவங்க நினைப்பாங்க. நீ இத்தனை நாளா மரியாதைக்கு வேண்டாம்னு சொல்லிட்டு பட்டினி கிடந்திருக்க, அவங்க நீ கொஞ்சமா சாப்பிடற பொண்ணுன்னு முடிவு பண்ணியிருப்பாங்க. நாளைக்கே கேளு, எனக்கு ராத்திரி பசிக்குது, எதை எடுத்துக்கலாம், யாரோட லஞ்சுக்கு எடுத்து வச்சதைத் தொடக்கூடாதுன்னு. ஒரு ஞாயித்துக்கிழமை நீயே லெமன் ரைஸ் பண்ணு, கருவேப்பிலை கிடைக்காட்டி போகுது. ஆனா மிளகாய் தாளிக்கறதுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் போட்டுடு, இல்லன்னா ஸ்மோக் அலாரம் அலறி நாய் ரெண்டும் சேர்ந்து குலைக்கும்.

அந்த ரூம் கதவுதான் எனக்கு இன்னும் பெரிய விஷயமா படுது. நீ அவங்களுக்குப் பிடிக்கலையோன்னு உள்ள உட்கார்ந்திருக்க, அவங்க வெளிய இந்தப் பொண்ணுக்கு நம்மளைப் பிடிக்கலையோன்னு உட்கார்ந்திருப்பாங்க. நேர வித்தியாசம் பத்தரை மணி நேரம், நவம்பர்ல அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சதும் பதினொன்றரை, அதனால நீ டின்னர் முடிச்சு ஃப்ரீயா இருக்கற நேரம்தான் அம்மா எந்திரிக்கற நேரம், பேச்சு ஓடத்தான் செய்யும். அம்மாகிட்ட சொல்லி வார நாள்ல வாய்ஸ் மெசேஜ், லீவு நாள்ல ஒரு மணி நேரம்னு வச்சுக்கோ. அம்மா முதல்ல அழுவாங்க, பரவால்ல. புரியாட்டியும் ஹால்ல உட்கார்ந்து பேக்கர்ஸ்ங்கற அந்த ஊரு அமெரிக்கன் ஃபுட்பால் டீமோட மேட்ச் பாரு, விஸ்கான்சின்ல அது ஒரு மதம் மாதிரி. சாப்பிட்டதும் யாரும் சொல்லாமலே டிஷ்வாஷர்ல பாத்திரத்தை அடுக்கு. அந்தப் பொண்ணு உடனே உயிர்த்தோழி ஆகணும்னு எதிர்பாக்காத, அவளுக்குன்னு அங்க பழைய சிநேகிதிங்க இருக்காங்க.

இது கூச்சம்தான், சரியாயிடும். ஆனா நிஜமாவே சாப்பாடு தராம இருக்கறது, யாராவது தப்பா நடந்துக்கறது, பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கறது மாதிரி ஏதாவதுன்னா அன்னிக்கே உன்னை அனுப்பின அமைப்போட லோக்கல் கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லு. மாசம் ஒரு தடவையாவது அவங்க உன்னைத் தொடர்பு கொள்ளணும்னு ரூலே இருக்கு. உனக்குக் கொடுத்த அடையாள அட்டையில அமெரிக்க வெளியுறவுத் துறை நம்பரும் இருக்கும், பாத்து வச்சுக்கோ. வீடு மாத்தறது ஒண்ணும் அவமானம் இல்ல, நிறைய பேருக்கு நடக்கறதுதான்.

கேள்வி: என் பையனும் இந்த மாதிரி எக்ஸ்சேஞ்ச்ல அமெரிக்கா போகணும்கிறான். காசு வாங்காம எவனாவது அடுத்தவன் பிள்ளையை ஒரு வருஷம் வீட்ல வச்சு சோறு போடுவானா மேடம்? (வாசகர், திருச்சி)

பதில்: சந்தேகம் நியாயம்தான் சார், ஆனா போடறாங்க. ஜே-1ங்கற எக்ஸ்சேஞ்ச் விசாவுல போற ஸ்கூல் பசங்களுக்கு ஹோஸ்ட் ஃபேமிலி காசு வாங்கவே கூடாது, வரிக் கணக்குல வருமானத்துலேர்ந்து மாசத்துக்கு 50 டாலர் வரைக்கும் கழிச்சுக்கலாம், அவ்ளோதான். உலகப் போர்ல ஆம்புலன்ஸ் ஓட்டின தன்னார்வலர்கள் 1947-ல ஏஎஃப்எஸ்ங்கற தங்களோட அமைப்பு மூலமா ஆரம்பிச்ச பழக்கம் இது. வீட்ல 18 வயசுக்கு மேல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் குற்றப் பின்னணி பாத்துட்டுதான் பசங்களை அனுப்புவாங்க. தனியார் ஸ்கூலுக்கு எஃப்-1ங்கற மாணவர் விசாவுல போறது வேற கணக்கு, அதுல தங்கற வீட்டுக்கு நாம பணம் கட்ட வேண்டியிருக்கும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

நீங்க கவலைப்பட வேண்டியது படிப்பைப் பத்தி. ஜே-1ல அதிகபட்சம் ஒரே ஒரு கல்வியாண்டுதான், டிப்ளமா தர்றதும் தராததும் அந்த ஸ்கூல் இஷ்டம். பதினொண்ணாவதுல போய்ட்டு வந்தா நேரா பன்னெண்டாவது சேத்துப்பாங்களா, திரும்ப பதினொண்ணா? அதை இங்க ஸ்கூல் பிரின்சிபால்கிட்ட கேட்டு, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க.