பாப்பாவின் படிப்புக்குத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் ஏற்காடு நாகலூர் பக்கம். ஒன்றேகால் ஏக்கர் காபியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகும்தான் பிழைப்பு. மூத்த மகள் ப்ளஸ் டூவில் 600-க்கு 512. உயிரியல் என்றால் அவளுக்கு உயிர். நீட்டில் மார்க் போதவில்லை. சென்னைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி சேர வேண்டும் என்கிறாள். கட்டணமும் விடுதியும் சேர்த்து வருடம் இரண்டரை லட்சம். தோட்டப் பத்திரத்தை வைத்தாவது கடன் வாங்கலாம் என்கிறார் என் மனைவி. சேலம் அரசு மகளிர் கல்லூரியில் விலங்கியல் கிடைக்கும் போலிருக்கிறது. “ஜுவாலஜி படிச்சா யாரு வேலை தருவா?” என்று பாப்பா அழுகிறாள். என்ன செய்யட்டும்?
- ஒரு தந்தை, நாகலூர்

பதில்: தம்பி, முதலில் அந்தப் பத்திரத்தை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. மகளோடு நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அந்தக் கையெழுத்தே எவ்வளவு கனம் என்பது எனக்குத் தெரியும்.

2009-ல் என் மாணவி ஒருத்தி எம்.எஸ்சி. படிக்க வெளியூர் தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். அப்பா இல்லாத பெண். அப்போதெல்லாம் நாலு லட்சத்துக்கு மேல் போனால் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்பார்கள். நான் போட்டேன். கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளை ஒன்றுகூடக் கிழியாமல் ஸ்லைடில் ஏற்றுவாள். அப்படி ஒரு கை. படிப்பை முடித்து ஒரு லேபில் சேர்ந்தபோது சம்பளம் 8,500. வங்கித் தவணை 7,800. ஐந்து மாதம் கட்டினாள், அப்புறம் முடியவில்லை. பதிவுத் தபால் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தது. அன்று சாயந்திரமே அவள் வந்து, மஞ்சள் பையிலிருந்து மூன்று ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். அவள் யாரையும் ஏமாற்றவில்லை தம்பி. கடன் வாங்கும் முன்னால் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்ட அவளுக்கு ஆள் இல்லை. பக்கத்தில் இருந்த நானும் போடவில்லை. அது இன்றும் என் மனதில் உறுத்துகிறது. அதனால் உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

வருடம் இரண்டரை லட்சம், மூன்று வருடத்துக்கு ஏழரை லட்சம். வட்டி 11 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலத்திலும் முடித்து ஒரு வருடம் வரையிலும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தனி வட்டியாகப் போட்டாலே அந்த நாலு வருடத்தில் 2,47,500 ஏறிவிடும். தவணை ஆரம்பிக்கிற நாளில் கடன் கிட்டத்தட்ட பத்து லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 13,700 வேண்டும். பதினைந்து வருடம் என்றால் 11,300, ஆனால் கடைசியில் கட்டி முடித்தது இருபது லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

வருமானம்? போன வருடம் என்னோடு பேசிய பழைய மாணவிகள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். லேபோ, மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடோ, தனியார் பள்ளியோ, வெறும் பி.எஸ்சி.க்கு ஆரம்பம் 12,000-லிருந்து 18,000 வரைதான். இதில் சென்னை ஹாஸ்டல் வாடகை போக 13,700-ஐ எங்கிருந்து எடுப்பாள்? தவணை தவறினால் சிபில், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் மதிப்பெண், கெடுவது அவளுக்கு மட்டுமல்ல, கூடக் கையெழுத்துப் போட்ட உங்களுக்கும்தான். அடுத்த வருடம் உரம் வாங்க நகைக் கடன், பயிர்க் கடன் என்று போய் நிற்பவர் நீங்கள். கல்விக் கடன் எப்படியும் தள்ளுபடி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

உயிரியல் படிப்பில் காசு தாமதமாகத்தான் வரும். எம்.எஸ்சி., பி.எட்., நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்குமான தகுதித் தேர்வு) என்று இரண்டாவது மூன்றாவது படியில் ஏறிய பிறகு. ஆகவே கடன் வாங்கும் தெம்பை முதல் படியிலேயே செலவழித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது பாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கண்ணு, இந்திய வனப் பணித் தேர்வு எழுதத் தகுதியான பாடங்களின் பட்டியலில் விலங்கியல் இருக்கிறது, தாவரவியல் இருக்கிறது. பயோடெக்னாலஜி இல்லை. மலையில் பிறந்த பெண்ணுக்கு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பி.எட். முடித்து, டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்விலும் அதற்கப்புறம் நியமனத் தேர்விலும் தேறி, அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஆனால் அடிப்படைச் சம்பளமே 36,400-ல் ஆரம்பிக்கிறது. அதற்கு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு, மறைக்க மாட்டேன். பயோடெக் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள், தங்கள் பட்டம் அந்தப் பாடத்துக்கு இணையாக ஏற்கப்படுமா என்று அரசாணையைத் தேட வேண்டியிருக்கிறது. விலங்கியலில் அந்த அலைச்சல் இல்லை.

பயோடெக் ஆசையை விடவும் வேண்டாம். விலங்கியல் முடித்தவர்கள் கேட்-பி நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்குப் போகலாம், அந்த வழியில் சேர்ந்தால் மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை மாதம் 5,000 உதவித்தொகை தருகிறது. அதற்கப்புறம் அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000. பெரியார் பல்கலைக்கழகமும் நம் சேலத்திலேயே இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஒன்றிரண்டு லட்சம் கடன் வாங்கினாலும் தாங்கும்.

தம்பி, அரசுக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவைத் தினமும் ஏறி இறங்க வேண்டாம். அரசு மாணவியர் விடுதிக்கு மனுப் போடுங்கள். ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும்.

இவ்வளவு சொல்லியும் அவள் மனம் சென்னையிலேயே இருந்தால், திட்ட வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவளையே போன் செய்யச் சொல்லுங்கள். போன வருடம் பி.எஸ்சி. பயோடெக் முடித்த பெண்கள் நாலு பேரோடு பேச வேண்டும் என்று கேட்கட்டும். விளம்பரத்தில் போட்டோ வந்தவர்கள் வேண்டாம். இப்போது எங்கே வேலை, கைக்கு எவ்வளவு வருகிறது, கடன் எவ்வளவு பாக்கி என்று அவளே விசாரித்து, நான் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் எழுதட்டும். அதுவரைக்கும் அரசுக் கல்லூரி இடத்தை விட்டுவிடாதீர்கள்.