மறு: எச்ஐவி உண்டு, வயது 41, ஆசனவாயில் எச்எஸ்ஐஎல் – காத்திருக்கலாமா?

எச்எஸ்ஐஎல் என்பது இன்னும் புற்றுநோய் ஆகாத, ஆனால் அப்படி மாறக்கூடிய செல் மாற்றம். உங்கள் மருத்துவர் காத்திருக்கச் சொன்னாலும், காத்திருப்பதைவிட அதை அகற்றிவிடுவது நல்லது. இதே மாற்றம் இருந்த, 35 வயதும் அதற்கு மேலும் ஆன எச்ஐவி உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆங்கர் ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. சிகிச்சை எடுத்தவர்களில் 9 பேருக்கும், வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் 21 பேருக்கும் புற்றுநோய் வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 2,200 பேர்.

உங்கள் மருத்துவர் "பார்த்துக்கொள்வோம்" என்றது அநேகமாகப் பழைய வழக்கம். அந்த ஆய்வுக்கு முன் இப்படி உறுதியான சான்று இல்லை.

ஒன்றைப் பாருங்கள்: உங்கள் அறிக்கை பயாப்சியா (சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பது), குச்சியால் செல்களைத் துடைத்தெடுத்த பாப் மாதிரியா? பாப் மட்டும்தான் என்றால் முதலில் உயர் தெளிவு அனோஸ்கோப்பி (ஆசனவாயின் உட்புறத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது), பயாப்சி, அப்புறம்தான் சிகிச்சை. (பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி இதற்கு ஈடாகாது.)

அகற்றினாலும் திரும்ப வரலாம். அந்த 9 பேரும் சிகிச்சை எடுத்தவர்கள்தானே. தொடர் பரிசோதனையை விடாதீர்கள். இரத்தமோ கட்டியோ தெரிந்தால் மூலம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம்.