பழைய லிஸ்டர் ஆயில் இன்ஜினுக்கு எந்த பேக்கிங் போடலாம்?

தாத்தா காலத்துக் கிணற்று இன்ஜின், லிஸ்டர் 6/1, பிரித்து வைத்திருப்பதாகவும் பேக்கிங்குக்கு (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட்) ஒரே ஷீட்டை வாங்கி எல்லா இடத்துக்கும் வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இடத்துக்கு இடம் சூடும் அழுத்தமும் வேறு. அதைவிட முக்கியம், பேக்கிங்கின் கனம்.

சிலிண்டருக்கும் அதன் கீழே இருக்கும் கிராங்க்கேஸுக்கும் (கிராங்க் தண்டு சுழலும் பெட்டி) நடுவே இருக்கும் பேப்பர் பேக்கிங்கை அளந்து பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் (சிலிண்டரின் மேல்மூடி) பிஸ்டனுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை முடிவு செய்வதில் இந்தப் பேப்பருக்கும் பங்கு உண்டு. கனம் கூடினால் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) குறையும். குளிர்ந்த காலையில் எவ்வளவு சுற்றினாலும் இன்ஜின் எடுக்காது. கனம் குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். பிஸ்டன் தலையில் மெல்லிய ஈயக்கம்பித் துண்டு வைத்து, ஹெட்டை முறையாக இறுக்கி, ஃபிளைவீலைக் கையால் மெதுவாக ஒரு சுற்று விடுங்கள். நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்து மேனுவலோடு ஒப்பிட்டால் எத்தனை பேப்பர் தேவை என்று தெரிந்துவிடும்.

அந்தக் கால ஹெட் கேஸ்கட்டில் பெரும்பாலும் செம்புக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் (தூசு நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருள்) இருக்கும். பிரிட்டனில் 1999-லேயே தடை வந்துவிட்டது. இந்தியாவில் இன்னும் முழுத் தடை இல்லை. கடையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பழையதைக் காய்ந்தபடி சுரண்டவோ, கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவோ, கம்ப்ரஸர் காற்றால் ஊதவோ கூடாது. நன்றாக நனைத்து, தூசுக்கான நல்ல மாஸ்க் போட்டுப் பெயர்த்து, ஈரத்தோடு பையில் கட்டிவிடுங்கள். பதிலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கேஸ்கட் அல்லது முழுச் செம்புத் தகடு, அதே கனத்தில். செம்பை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகிவிடும். எஃகுதான் இப்படிச் செய்தால் இறுகும்.

கிராங்க்கேஸ் கதவுக்கு ரப்பர் கலந்த கார்க் ஷீட் போதும், அளவாக இறுக்குங்கள். புகைபோக்கிப் பக்கம் கிராஃபைட் ஷீட். டீசல் லைனில் செம்பு வாஷர் மட்டும். சாதாரண ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும். சிலிகான் பசையைப் பிதுக்கிப் பூசும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. உள்ளே பிதுங்கியது உதிர்ந்து போய் ஆயில் வழியை அடைக்கும்.

அப்புறம், ஹெட்டுக்கு முழுச் செம்புத் தகடு இல்லாமல் கலவை கேஸ்கட் போட்டிருந்தால் முதல் முறை சூடாக ஓடி ஆறியதும் ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மறுபடி இறுக்குங்கள். ஹெட் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதால் வால்வு இடைவெளியையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.