உட்கார்ந்து ஆடினால் கைக்கு வேலை குறையுமா?

கே: முழங்கால் வலி காரணமாக, குத்துச்சண்டை வீடியோ கேமை நாற்காலியில் உட்கார்ந்தே ஆடுகிறேன். நின்று ஆடுபவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி என் கைகளுக்கும் கிடைக்குமா?

ப: கைகளுக்குக் கிடைக்கும், கால்களுக்குத்தான் கிடைக்காது. நின்று குத்தும்போது வேகம் பிறப்பது பாதத்தில். பின்காலை ஊன்றி இடுப்பைத் திருப்ப, அது முதுகு வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. கை கடைசிக் கண்ணி மட்டுமே. உட்கார்ந்தால் காலின் பங்கு அநேகமாகப் போய்விடும், இடுப்பின் பங்கும் குறையும். அதே வேகத்தில் குத்த முன்தோள் தசையும் ட்ரைசெப்ஸும் (மேல்கையின் பின்பக்கத் தசை) கூடுதலாக உழைக்க வேண்டும்.

ஆனால் அதே வேகத்தில்தான் குத்துகிறீர்களா? கையில் பிடிக்கும் ரிமோட்டில் இருக்கும் முடுக்கமானிக்கு, அது எவ்வளவு சட்டென்று அசைந்தது என்பதுதான் தெரியும். அசைத்தது தோளா மணிக்கட்டா என்பது அதற்குத் தெரியாது. மணிக்கட்டைச் சுண்டியே புள்ளி வாங்கப் பழகிவிட்டால், ஸ்கோர் ஏறும், தோள் தூங்கும். முஷ்டியைத் தாடையருகே வைத்து, அங்கிருந்து முழங்கை பூட்டாத அளவுக்கு நன்றாக நீட்டி, மறுபடி தாடைக்கே கொண்டுவாருங்கள்.

கைப்பிடியும் சக்கரமும் இல்லாத நாற்காலியாக இருக்கட்டும். கைப்பிடி இருந்தால் முழங்கை இடித்துக் குத்து பாதியில் நின்றுவிடும். முன்பாதியில் அமர்ந்து, பாதம் இரண்டையும் தரையில் பதித்து, சாயாமல் ஆடினால் வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் சேர்ந்துகொள்ளும். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டபின் ஆரம்பியுங்கள். கேமரா வைத்த கேம்களில் சிலவற்றுக்கு, உட்கார்ந்த ஆளின் தொடையும் நாற்காலியும் ஒன்றாகத் தெரிந்து குழப்பும். உடல் அசைவைப் பார்க்கும் மைக்ரோசாஃப்டின் கேமராவான கினெக்ட்டின் மென்பொருளில் 2012இல் உட்கார்ந்து ஆடும் முறையைச் சேர்த்தபோது, 20 மூட்டுகளுக்குப் பதில் மேலுடம்பின் 10 மூட்டுகளை மட்டும் பார்க்கும்படி செய்தார்கள். உங்கள் கேமில் அப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள்.

கே: டென்னிஸ் கேம் ஆடிய மறுநாள் தோளின் பின்பக்கம் வலிக்கிறது. கால் கிலோகூட இல்லாத ரிமோட்டால் எப்படி?

ப: எடை காரணமில்லை, நிறுத்துவதுதான் காரணம். நிஜ மட்டையின் வேகத்தில் ஒரு பங்கைப் பந்து வாங்கிக்கொள்ளும். காற்றில் வீசிய கைக்கு அப்படி எதுவும் எதிர்ப்படுவதில்லை. வீச்சு முழுவதையும் தோளின் பின்பக்கத் தசைகளே பிரேக் பிடித்து நிறுத்துகின்றன. நீண்டுகொண்டே இழுக்கும் இந்த வேலைதான் மறுநாள் வலிக்கும் வேலை. 2007இலேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு மருத்துவர் இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். நின்டெண்டோவின் ‘வீ’ (Wii) என்ற கேம் கருவியில் பல மணி நேரம் டென்னிஸ் ஆடிய பிறகு வந்த தோள் தசைநாண் அழற்சி அது. ‘வீயைடிஸ்’ என்று பெயரும் வைத்தார்!

முதல் வாரம் 10 நிமிடத்தோடு நிறுத்துங்கள். முழங்கையைக் கடைசிவரை நீட்டிப் பூட்டாதீர்கள். ரிமோட்டை இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசைகளுக்கு ஓய்வே கிடைக்காது. பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டுத் தளர்வாகப் பிடியுங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கையைத் தூக்க முடியாமை, மரத்துப்போதல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: பிசியோதெரபி மாணவி நான். உட்கார்ந்தும் நின்றும் ஆடும்போது கைத் தசைகளின் வேலையை ஈ.எம்.ஜி.யில் (தசையின் மின் அலையைப் பதியும் சோதனை) ஒப்பிட வேண்டும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ப: முன்தோள், பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ், மேல் ட்ரபீசியஸ் (கழுத்திலிருந்து தோளுக்கு ஓடும் தசை) இந்த நான்கு போதும். எலக்ட்ரோடுகளைத் தசை இழைகள் ஓடும் திசையில், மையத்துக்கு மையம் 20 மி.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். முன்தோளுக்கு, தோள்முனை எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் கீழே, முன்பக்கமாக. மேல் ட்ரபீசியஸுக்கு, ஏழாவது கழுத்தெலும்புக்கும் தோள்முனைக்கும் நடுவில். முடி நீக்கி, ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் ஒட்ட வேண்டும். வயரை டேப் போட்டுப் பிடிக்காவிட்டால் ஒவ்வொரு குத்துக்கும் அது ஆடி, வரைபடத்தில் அலை அலையாகத் தெரியும். அது தசை அல்ல. வினாடிக்கு 1000 மாதிரிகளுக்குக் குறையாமல் பதிவுசெய்து, 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டி எடுங்கள்.

மைக்ரோவோல்ட் எண்களை நேரடியாக ஒருவருக்கொருவர் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு தசைக்கும் அசையாத நிலையில் அதிகபட்ச முயற்சியை 5 வினாடி வீதம் மூன்று முறை, இடையே 2 நிமிட ஓய்வுடன் பதிவுசெய்து, அதன் சதவீதமாகச் சொல்லுங்கள். உட்கார்ந்த பதிவுக்கும் நின்ற பதிவுக்கும் நடுவே எலக்ட்ரோடைக் கழற்றி ஒட்டினால் ஒப்பீடே கெட்டுவிடும். பாதிப்பேர் உட்கார்ந்தும் பாதிப்பேர் நின்றும் தொடங்கட்டும். இல்லையென்றால் இரண்டாவது முறையின் களைப்பை நிலையின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள்.

பெரும்பாலோர் விடுவது குத்து எண்ணிக்கை. நின்றவர் 60 குத்து, உட்கார்ந்தவர் 80 குத்து விட்டிருந்தால் சராசரி வேறுபடத்தானே செய்யும்? வீடியோ எடுத்து எண்ணி, குத்து ஒன்றுக்கு எவ்வளவு என்றும் கணக்கிடுங்கள். வேகமான அசைவில் தசை தோலுக்கடியில் நகர்வதால், மின் அலையின் உயரத்தை அப்படியே விசை என்று எழுதாதீர்கள்.

கே: உட்கார்ந்து ஆடும்போது கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பலாமா?

ப: கை மட்டும் உழைக்கும்போது எட்டக்கூடிய உச்சத் துடிப்பு பொதுவாகக் கால் பயிற்சியைவிடக் குறைவு. மணிக்கட்டை உதறி ஆடுவதால் கடிகாரமும் தடுமாறும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு வாங்கினால் சரியான வேகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே அளவு உழைப்புக்கு, கைப்பயிற்சி காலைவிட அழுத்தத்தை அதிகம் ஏற்றும். மூச்சை அடக்கிக்கொண்டு குத்தாதீர்கள்.