க்ராங்க் ஆடினால் என்ன செய்வது? எம்டிபி ஓட்டுபவர்களின் கேள்விகள்

இம்முறை எம்டிபி எனப்படும் மலைப்பாதை சைக்கிளின் க்ராங்க், அதாவது பெடலை நடு அச்சோடு இணைக்கும் கை, பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். கியர் சரியாக விழவில்லை என்றால் எரிச்சலோடு போய்விடும். இறக்கத்தில் நின்றபடி வரும்போது க்ராங்க் கழன்றால் ஆள் விழுவார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வாங்கி எட்டு மாதம் ஆன எம்டிபி. இடது க்ராங்க் லூசாகிக்கொண்டே இருக்கிறது. கடையில் ஒவ்வொரு முறையும் முறுக்கித் தருகிறார்கள், இரண்டு நாளில் பழையபடி ஆடுகிறது. இப்போது 'தவறான பயன்பாடு' என்று வாரன்டியை மறுக்கிறார்கள்.

இனி முறுக்கிப் பயனில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது சதுர முனை அச்சு. அச்சு எஃகு, க்ராங்க் அலுமினியம். லேசாகத் தளர்ந்த நிலையில் சிறிது தூரம் மிதித்தாலே க்ராங்கின் சதுர ஓட்டை மழுங்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை மழுங்கினால் என்ன இறுக்கினாலும் பிடிக்காது. இடது க்ராங்கை மாற்றுவதுதான் வழி.

கம்பெனிக்காரர் மழுங்கிய ஓட்டையைக் காட்டி, "லூசாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள்" என்பார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதன்முதலில் ஏன் தளர்ந்தது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. க்ராங்கை அச்சில் பிடிக்கும் போல்ட்டை ஏறக்குறைய 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை இறுக்க வேண்டும். குட்டி ஆலன் கீயைக் கையால் திருகினால் அந்த விசை வராது. புது சைக்கிளைப் பூட்டித் தருபவர் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கியிருக்க வேண்டும், முதல் சர்வீஸில் இன்னொரு முறை பார்த்திருக்கவும் வேண்டும். அது கடையின் வேலை, உங்கள் வேலை அல்ல.

முதல் தடவை கடைக்குப் போன தேதிதான் உங்கள் பலம். சர்வீஸ் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய பதிவு என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். "இந்தத் தேதியிலேயே சொன்னேன், முறுக்கி மட்டும் கொடுத்தீர்கள்" என்று எழுத்தில் அனுப்புங்கள். க்ராங்க், போல்ட் இரண்டையும் மாற்றித் தரவும், அச்சின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் கேளுங்கள். புதிய க்ராங்க் பழைய நீளத்திலேயே இருக்க வேண்டும். அந்த நீளம் 170, 175 என்று மில்லிமீட்டரில் அதன் பின்புறம் பொறித்திருக்கும்.

இன்னொன்று. ஓட்டைக்குள் தகரத் துண்டு வைத்து இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுவழியில் விட்டுவிடும், வாரன்டி கேட்கும் வழியும் அதோடு அடைபடும்.

ஷிமானோ கம்பெனியின் ஹாலோடெக் 2 வகை க்ராங்க். பக்கவாட்டில் ஆடுகிறது. ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் மூடியை நன்றாக இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை.

அந்த மூடி க்ராங்கைப் பிடித்து வைப்பதற்கானது அல்ல. பேரிங்கில் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய மட்டும்தான். அதற்கு 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது விரல் பலம். அதற்கு மேல் போனால் பேரிங்தான் பாழாகும். க்ராங்கைப் பிடிப்பவை இடது க்ராங்கில் உள்ள இரண்டு 5 மி.மீ. ஆலன் போல்ட்கள். அவற்றைத் தளர்த்தி, மூடியைச் சரியாக வைத்து, அப்புறம் இரண்டையும் மாற்றி மாற்றி 12–14 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். நடுவில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதன் முள் அச்சின் துளைக்குள் இறங்கியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இவ்வளவு செய்தும் ஆடினால் பேரிங்கையோ க்ராங்கின் உள்பற்களையோ சந்தேகப்பட வேண்டும். உள்பற்கள் தேய்ந்திருந்தால் தாமதிக்காமல் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள், அதுவரை ஓட்ட வேண்டாம்.

பெடல் மரையோடு பிய்ந்து வந்துவிட்டது. வாரன்டி உண்டா?

நீங்களே பெடல் மாற்றியிருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை மறந்து திருகுவதாலோ, கோணலாக ஏற்றுவதாலோதான் இது அதிகம் நடக்கிறது. கடையில் பூட்டித் தந்த பெடல் என்றால் பொறுப்பு கடைக்கு. நல்ல அலுமினிய க்ராங்காக இருந்தால் ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே புது மரைச்சுருள் வைத்துக் காப்பாற்றலாம். மலிவான க்ராங்குக்கு அந்தச் செலவு தேவையில்லை, மாற்றிவிடுங்கள்.

ஷிமானோ க்ராங்குகளைத் திரும்பப் பெற்றதாகப் படித்தேன். என் எம்டிபியில் உள்ள ஷிமானோ டியோர் க்ராங்கும் அதில் வருமா?

வராது. 2023 செப்டம்பரில் வந்த அந்த அறிவிப்பு ரோடு பைக் க்ராங்குகளுக்கானது. இரண்டு பாகங்களை ஒட்டிச் செய்த 11 ஸ்பீடு அல்டெக்ரா, டியூரா-ஏஸ் வகைகள், 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரானவை. ஒட்டிய இடம் பிரிந்ததாக 4,519 புகார்கள் வந்திருந்தன. எலும்பு முறிவு உட்பட 6 பேருக்குக் காயம். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 க்ராங்குகள் இதில் அடங்கின. வீட்டில் அந்தக் காலத்து ரோடு பைக் இருந்தால், பெடல் பூட்டும் முனையின் பின்புறம் பொறித்த இரண்டு எழுத்துக் குறியீட்டை ஷிமானோ பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்தால் கடையில் சோதிக்கக் கொடுங்கள்.

பழைய சைக்கிளாக வாங்கினேன். க்ராங்கில் விரிசல். கம்பெனியிடம் கேட்கலாமா?

பாகங்கள் செய்யும் ஷிமானோ, ஸ்ராம் ஆகிய இரண்டு கம்பெனிகளும் முதலில் வாங்கியவருக்குத்தான் வாரன்டி தருகின்றன. பில் இல்லாமல் பேச்சே எழாது. விற்றவரிடம் பழைய பில் இருந்தால் அவர் பெயரில், அவர் வாங்கிய கடை வழியாகவே முயலச் சொல்லுங்கள். விரிசல் விட்ட க்ராங்கை வெல்டிங் செய்யாதீர்கள். கார்பன் என்றால் பசை தடவுவதும் வேண்டாம்.

புதிதாக வாங்கியவர்களுக்கு வாரன்டி கேட்க வழி அதிகம். முழு சைக்கிளாக வாங்கியிருந்தால் முதலில் சைக்கிள் கம்பெனியையும் கடையையும் கேளுங்கள். "பாகம் செய்த கம்பெனியிடம் போங்கள்" என்று கைகழுவ விடாதீர்கள். எழுதிக் கேட்டும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்விட வேண்டும். உடைந்த க்ராங்கை அதுவரை யாரிடமும் விட்டு வராதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோடு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.