ராணுவத்தில் கை முடங்கிய மாமாவுக்கு ஊன ஓய்வூதியம் கிடைக்குமா?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் உங்கள் மாமா 2019இல் ஓய்வுபெற்றவர். வலது தோள் காயத்துக்கு ராணுவ மெடிக்கல் போர்டு 30% ஊனம் என்று போட்டும், 'பணியால் வந்ததல்ல' என்று மறுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள். குறைந்தது 20% ஊனம் இருக்கவேண்டும்; அதற்கு மேல் இருப்பதால் அளவு பிரச்சினையே இல்லை. காயம் பணியால் வந்ததா என்ற காரணம்தான் சிக்கல்.

அந்த மறுப்பை உடைப்பது காயம் பட்டபோது யூனிட் எழுதிய இஞ்ஜுரி ரிப்போர்ட் (ஐஏஎஃப்ஒய்-2006 என்ற ராணுவப் படிவம்). டியூட்டியில் இருந்தாரா என்பது அதில்தான் இருக்கும். கையில் இல்லையென்றால் அவரது பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் எழுதி, போர்டு நடவடிக்கை நகலையும் சேர்த்துக் கேளுங்கள்.

புதிதாக டாக்டரிடம் போனால் 'தோள்வலி' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். பக்கவாட்டில் கை எத்தனை டிகிரி உயர்கிறது (முழு அளவு 180), தானாகத் தூக்கும்போது எவ்வளவு, பிறர் தூக்கிவிட்டால் எவ்வளவு, பிடிவலு எத்தனை கிலோ, எழுதும் கையா என்பதெல்லாம் வேண்டும். மாநில அரசின் ஊனச் சான்றிதழ் மட்டும் காட்டினால் போதாது.

மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. நாள் கடந்திருந்தால் தாமதத்துக்குக் காரணம் எழுதி அனுப்புங்கள். அதுவும் தோற்றால் இரண்டாவது மேல்முறையீடு, பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கேரளத்தில் வசிப்பவருக்கு அது கொச்சி அமர்வு. கோயம்புத்தூர் பக்கம் என்று சென்னைக்கு ஓடவேண்டாம்.

கடைசிச் சம்பளம் 40,000 என்றால், 100% ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000 ரூபாய். மாமாவின் 30% ஊனத்தை 50% ஆக உயர்த்திக் கணக்கிட்டால் மாதம் 6,000, அகவிலை நிவாரணம் தனி. இந்த உயர்த்தலை மனுவிலேயே கேளுங்கள். வழக்கு தாமதமானால் நிலுவை முழுதும் கிடைக்காமல் போகலாம்.